நாற்பது ஆண்டு இடைவேளை

ஸ்டாக்ஹோம் நகரில் ஓர் அருங்காட்சியகம். 2013 மே மாதம் திறக்கப்பட்டது. பளபளக்கும் மேடை உடைகள், தங்க இசைத்தட்டுகள் இவற்றுக்கு நடுவே அங்கே ஒரு பழைய காலத் தொலைபேசியும் இருக்கிறது. அதன் எண் உலகத்தில் நான்கே நான்கு பேருக்குத்தான் தெரியும் என்கிறார்கள். மணி அடித்தால் பக்கத்தில் நிற்கும் பார்வையாளர் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பேசலாம். மறுமுனையில் இருப்பவர் 'அபா' பாப் இசைக் குழுவைச் சேர்ந்த நால்வரில் ஒருவராக இருப்பார்.

பாப் இசை வியாபாரத்தில் ரசிகர்களின் நிலைமை ஏறக்குறைய இதுதான். எண் அவர்களிடம் கிடையாது. மணி எப்போது அடிக்கும் என்பதை எதிர்முனைதான் தீர்மானிக்கும். எடுத்துப் பேசத் தயாராக நிற்பது மட்டுமே இவர்கள் வேலை. அபா ரசிகர்கள் அப்படி நின்றது கொஞ்சநஞ்ச காலம் இல்லை. 'தி விசிட்டர்ஸ்' என்ற ஆல்பம் 1981 நவம்பர் 30-ல் வெளியானது. அதற்கு அடுத்த ஆல்பமான 'வாயேஜ்' 2021 நவம்பர் 5-ல் வந்தது. 40 ஆண்டுகளுக்கு 25 நாள்தான் குறைவு.

தமிழ்க் காதுக்குத் தகப்பனாரைக் கூப்பிடுவது போலக் கேட்டாலும், அபா என்பது நால்வரின் முதல் எழுத்துகளின் சேர்க்கை: ஆக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஆனி-ஃப்ரிட். (அதே பெயரில் ஸ்வீடனில் ஏற்கெனவே ஒரு மீன் டப்பா கம்பெனி இருந்தது வேறு விஷயம்.) இரண்டு ஜோடிகள், ஒரு குழு. 1974 ஏப்ரல் 6-ம் தேதி பிரிட்டனின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாட்டைப் பாடி முதல் பரிசு வாங்கினார்கள். அடுத்த எட்டு ஆண்டுகள் அவர்கள் கொடி பறந்தது.

இந்தியாவிலும்தான். பாலிடோர் நிறுவனம் இங்கேயே அச்சிட்டு விற்ற அபா இசைத்தட்டுகளும் பிறகு கேசட்டுகளும் பெருநகர வீடுகளின் வரவேற்பறைகளில் இடம் பிடித்தன. 1977-ல் வந்த 'ஹம் கிஸீ ஸே கம் நஹீன்' படத்தில் ஆர்.டி. பர்மன் போட்ட 'மில் கயா ஹம்கோ சாத்தி' பாட்டின் மெட்டு, அபாவின் 'மம்மா மியா'விலிருந்து இறங்கி வந்ததுதான். ஆகவே அபா என்ற பெயரையே கேள்விப்படாதவர்களும் அபாவை முணுமுணுத்திருக்கிறார்கள். ஆனால் 1977-ல் ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும், 1979-ல் வட அமெரிக்காவையும், 1980-ல் ஜப்பானையும் சுற்றிய குழு இந்தியப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. இந்திய ரசிகர்களுக்கு அபா என்றால் குரல்தான். முகத்துக்கு இசைத்தட்டின் அட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1979-ல் பியோர்னும் ஆக்னெத்தாவும் பிரிந்தார்கள். 1981-ல் பென்னியும் ஃப்ரிடாவும் (ஆனி-ஃப்ரிடை ரசிகர்கள் அழைக்கும் பெயர் அது). மண வாழ்க்கை முறிந்த பிறகும் ஒரே மைக் முன்னால் நின்று பாடினார்கள் என்பது இன்றைக்கும் நம்பக் கடினமான சமாச்சாரம். 1982-ல் புதிய ஆல்பத்துக்காக ஸ்டூடியோவில் கூடினார்கள். சில பாட்டுகள் பதிவாயின. ஆல்பம் உருவாகவில்லை. பழைய வெற்றிப் பாட்டுகளைத் திரட்டி, இரண்டு புதிய பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு மட்டும் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 11-ல் பி.பி.சி. நிகழ்ச்சி ஒன்றுக்காக ஸ்டாக்ஹோமிலிருந்து செயற்கைக்கோள் வழியே தோன்றினார்கள். அத்தோடு சரி.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழு கலைந்துவிட்டது என்று யாருமே அறிவிக்கவில்லை. கொஞ்சம் ஓய்வு, ஆளுக்கொரு தனி வேலை, பிறகு பார்க்கலாம் என்கிற தொனியிலேயே விஷயம் நின்றுபோனது. சினிமா கொட்டகையில் 'இடைவேளை' என்று சிலைடு போட்டுவிட்டு ஆபரேட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் எப்படியிருக்கும்? டீயும் முறுக்கும் முடித்துவிட்டு ஒழுங்காக சீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள்தான் அபா ரசிகர்கள்.

ஆரம்ப ஆண்டுகள் சுலபமானவை இல்லை. எண்பதுகளில் அபா என்றாலே மேற்கத்திய இசை விமர்சகர்களுக்கு இளக்காரம். மினுமினுப்பு சட்டை, இனிப்பு மெட்டு, ஆழமில்லாத சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில்தான், 1986-ல், நெதர்லாந்தின் ரோசெந்தால் என்ற ஊரில் சர்வதேச ரசிகர் மன்றம் ஒன்று தொடங்கியது. குழு பாடுவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் கழித்து மன்றம் திறந்தார்கள் என்றால் அந்த ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று புரிந்துகொள்ளலாம். 1988-ல் மெல்போர்னில் 'பியோர்ன் அகெய்ன்' என்ற பெயரில் ஒரு குழு அபாவைப் போல உடுத்தி, அபாவைப் போலப் பாடி சம்பாதிக்க ஆரம்பித்தது.

பிறகு காற்று திசை மாறியது. 1992-ல் வந்த 'அபா கோல்ட்' தொகுப்பு உலகெங்கும் மூன்று கோடிக்கும் மேல் விற்றது. 1994-ல் 'மியூரியல்ஸ் வெட்டிங்', 'பிரிஸில்லா' என்ற இரண்டு ஆஸ்திரேலியப் படங்கள் அபா பாட்டுகளைப் புதிய தலைமுறையிடம் கொண்டுபோயின. 1999-ல், வாட்டர்லூ வெற்றிக்குச் சரியாக 25 ஆண்டு கழித்து அதே ஏப்ரல் 6-ம் தேதி, லண்டனில் 'மம்மா மியா!' இசை நாடகம் அரங்கேறியது. 2008-ல் அது படமானது. எதிலுமே புதிய பாட்டு கிடையாது. இருந்த சரக்கையே திருப்பித் திருப்பி அடுக்கி வைத்து விற்றார்கள். வாங்கியவர்களுக்கும் அது தெரியும்.

2000-ம் ஆண்டில் மறுபடி சேர்ந்து உலகைச் சுற்றி வர 100 கோடி டாலர் தருவதாக ஒரு பேரம் வந்தது. மறுத்துவிட்டார்கள். இளமையும் துள்ளலுமாக இருந்தவர்களாகவே ரசிகர்கள் எங்களை நினைவு வைத்துக்கொள்ளட்டும் என்கிற பொருளில் பியோர்ன் பிறகு ஒருமுறை சொன்னார். கௌரவமான பதில்தான். ரசிகர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த 36 ஆண்டு காலக் காத்திருப்பு ரசிகர்களைப் பெரிதாகத் துன்புறுத்தவில்லை. யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, ஆகவே யாரும் வாக்குத் தவறவும் இல்லை. காத்திருப்பே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. 1994-ல் வந்த நான்கு சி.டி. பெட்டி ஒன்றில், வெளியிடாமல் கிடப்பில் போட்ட பாட்டுகளின் துண்டுகளை ஒட்டி 23 நிமிடத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதில் 1978-ல் பதிவான 'ஜஸ்ட் எ நோஷன்' பாட்டின் ஒரு துணுக்கு இருந்தது. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் உடைந்த கல்லில் இருக்கும் பாதி வரியைப் படிப்பது போல ரசிகர்கள் அந்தத் துணுக்கைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். மீதி எங்கே என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. கோபம் வரவில்லை.

கோபம் வந்தது வாக்குறுதிக்குப் பிறகுதான்.

2018 ஏப்ரல் 27-ம் தேதி இன்ஸ்டாகிராமில் ஓர் அறிவிப்பு. நால்வரும் மீண்டும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள், இரண்டு புதிய பாட்டுகள் பதிவாகிவிட்டன. எங்களுக்கு வயதாகியிருக்கலாம், பாட்டு புதிது என்று வேடிக்கையாகவும் சொல்லியிருந்தார்கள். அவற்றில் ஒன்றான 'ஐ ஸ்டில் ஹேவ் ஃபெய்த் இன் யூ'வை, கம்ப்யூட்டர் உருவாக்கும் இளம் வயது அபா பாடுவது போன்ற டி.வி. நிகழ்ச்சி டிசம்பரில் பி.பி.சி.யிலும் அமெரிக்காவின் என்.பி.சி.யிலும் வரும் என்றார்கள்.

டிசம்பர் வந்தது. பாட்டு வரவில்லை. தொழில்நுட்பம் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுக்கிறது என்றார்கள். 2019 என்றார்கள். அது போய் 2020 என்றார்கள். 2020-ல் கொரோனா வந்தது. ஒவ்வொரு பேட்டியிலும் ஒரு புதுத் தேதி. பாட்டின் தலைப்பே நம்பிக்கையைப் பற்றியது என்பதால் அதை வைத்துக் கேலி செய்வதும் சுலபமாகப் போயிற்று.

36 ஆண்டுகள் பொறுமையாக இருந்தவர்களால் மூன்றே ஆண்டுகள் பொறுக்க முடியாமல் போனது ஏன்? ரயில் நிலையத்தில் நின்று பழகிய இந்தியர்களுக்கு இது விளங்கும். வண்டியே கிடையாது என்றால் வீட்டுக்குத் திரும்பி வேறு வேலை பார்க்கலாம். 'இன்னும் சற்று நேரத்தில்' என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகு தண்ணீர் பிடிக்கக்கூட நகர முடியாது. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குழுவை உருவாக்கி வழிநடத்திய மேனேஜர் ஸ்டிக் ஆண்டர்சன் 1997-ல் இறந்தார். பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்த ஓலா புருங்கெர்ட் 2008-ல், பேஸ் கிட்டார் வாசித்த ரூட்கர் குன்னார்சன் 2015-ல். கொரோனா ஆண்டில் நால்வரும் எழுபதைத் தாண்டியிருந்தார்கள் அல்லது தொட்டிருந்தார்கள். 1977-ல் 15 வயதில் முதல் இசைத்தட்டு வாங்கிய ரசிகருக்கே 58 வயது. தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்திலும் ஆயுள் குறைந்துகொண்டிருந்தது.

ஆல்பம் வந்து, அது மோசமாக இருந்துவிட்டால்? அதற்கும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' ராக் குழு சொந்தப் பாட்டுகளோடு 1991-ல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது. அடுத்த சொந்தப் பாட்டு ஆல்பமான 'சைனீஸ் டெமாக்ரஸி' வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லியே பல ஆண்டுகள் ஓடின. அதற்குள் பாடகர் ஆக்ஸில் ரோஸைத் தவிர ஆரம்ப கால உறுப்பினர்கள் எல்லோருமே விலகிவிட்டார்கள். இந்த ஆண்டுக்குள் அது வெளியானால் அமெரிக்கர்கள் அனைவருக்கும் ஆளுக்கு ஒரு பானம் இலவசம் என்று 2008-ல் டாக்டர் பெப்பர் கம்பெனி கிண்டலாக விளம்பரம் செய்தது. நவம்பரில் ஆல்பம் நிஜமாகவே வந்துவிட, கம்பெனி திண்டாடியது. ஆல்பத்தைவிட அந்தக் குளிர்பானக் கதைதான் பலருக்கு இன்று நினைவிருக்கிறது. 17 ஆண்டு காத்திருப்பைச் சுமக்கும் வலு எந்தப் பாட்டுக்கும் இருக்காது.

அபா தப்பித்தது எப்படி? தாமதம் அவர்கள் விஷயத்தில் கொஞ்சம் வேறு விதமாக வேலை செய்தது. இரண்டு பாட்டுகளாகத் தொடங்கியது, பென்னிக்கு ஸ்டாக்ஹோமில் இருக்கும் சொந்த ஸ்டூடியோவில், யாருடைய அவசரமும் இல்லாமல் வளர்ந்து பத்துப் பாட்டுகள் ஆனது. இன்றைய பாப் பாட்டுகளின் சூட்சுமம் தங்களுக்குப் பிடிபடவில்லை, ஆகவே அவற்றோடு போட்டி போடும் எண்ணமே இல்லை என்று பென்னி வெளிப்படையாகச் சொன்னார். காலத்துக்கேற்ப மாறுகிறோம் என்று கிளம்பியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும்.

2021 செப்டம்பர் 2-ம் தேதி பியோர்னும் பென்னியும் லண்டனில் தோன்றி விஷயத்தைச் சொன்னார்கள். இரண்டு பாட்டுகள் அன்றே வெளியாயின. நவம்பர் 5-ல் முழு ஆல்பம். பிரிட்டனில் முதல் வாரத்தில் 2,04,000 விற்று முதலிடம். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம். இளமையில் அந்தப் பட்டியலில் முதல் பத்துக்குள்கூட அவர்கள் நுழைந்ததில்லை. கிராமி விருதுக்கு அபாவின் பெயர் முதல்முறையாகப் பரிந்துரையானதும் இதற்குப் பிறகுதான்.

விற்பனையில் ஒரு விசித்திரம். செல்போனில் விரல் தட்டினால் பாட்டு ஓடும் காலம். ஆனால் பிரிட்டனில் விற்றதில் பெரும்பகுதி சி.டி., இசைத்தட்டு, கேசட். கையில் பிடித்துப் பார்த்து, அட்டையைப் புரட்டி, அலமாரியில் 'தி விசிட்டர்ஸ்' பக்கத்தில் வைக்க வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். அந்த 'விசிட்டர்ஸ்'தான் 1982 ஆகஸ்ட் 17-ல் ஜெர்மனியின் ஹானோவர் அருகே உள்ள தொழிற்சாலையில் உலகின் முதல் வர்த்தக சி.டி.க்களில் ஒன்றாக அச்சானது. சி.டி. பிறந்து, உலகை ஆண்டு, கடைகளிலிருந்து மறையத் தொடங்கும் வரை இந்த ரசிகர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பழைய மோஸ்தர், சில பாட்டுகள் வழவழ என்றார்கள் ஒரு சாரார். தவறில்லை. பத்தும் முத்து என்று தீவிர ரசிகர்கூடச் சொல்லமாட்டார். ஆனால் அந்த ஆல்பத்தில் விமர்சனக் கட்டுரைகளுக்கு அதிகம் அகப்படாத ஒன்று நடந்திருக்கிறது.

'ஜஸ்ட் எ நோஷன்' அதில் இருக்கிறது. 1994-ல் துணுக்காகக் கேட்ட அதே பாட்டு, 27 ஆண்டு கழித்து முழுசாக. பின்னணி இசையைப் புதிதாக வாசித்தார்கள். குரல்கள் மட்டும் 1978-ல் பதிவானவை. அன்று ஆக்னெத்தாவுக்கு 28 வயது. அதற்கு முன்னும் பின்னும் வரும் பாட்டுகளில் பாடுகிற ஆக்னெத்தாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. குரல் இறங்கியிருக்கிறது. உச்சத்தில் இருந்த பளபளப்பு போய், கீழே ஒரு கனம் சேர்ந்திருக்கிறது. ஒரே பெண்மணியின் இரண்டு வயதுகளைப் பத்து நிமிட இடைவெளியில் கேட்க முடிகிறது. நடுவில் போன 43 ஆண்டுகளும் கேட்பவருடையவையும்தான்.

பாட்டுகளின் விஷயமும் வயதுக்கு ஏற்றதே. விவாகரத்தான தம்பதிக்கு நடுவே கைமாறும் குழந்தை, வீணடித்த ஆண்டுகளை நினைத்து வருந்தும் மனைவி, விட்டுப்போன வீட்டின் கதவைத் திரும்ப வந்து தட்டும் பெண். இருபது வயதில் இவற்றைப் பாடினால் அது கதை. இவர்கள் பாடும்போது வேறு மாதிரிக் கேட்கிறது. எழுதியவர்களும் பாடியவர்களும் ஒருவரை ஒருவர் மணந்து பிரிந்தவர்கள் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

வாக்குறுதியின் இன்னொரு பாதியும் வந்து சேர்ந்தது. 2022 மே 27 முதல் லண்டனில், இதற்கென்றே கட்டிய 3,000 பேர் கொள்ளும் அரங்கில், இளமைக் கால அபா மேடையேறுகிறது. நால்வரையும் ஐந்து வாரம் 160 காமிராக்கள் முன்னால் ஆடிப் பாட வைத்து உருவாக்கிய கம்ப்யூட்டர் உருவங்கள் அவை. செலவு 14 கோடி பவுண்டு. பார்த்தவர்கள் வியந்துபோகிறார்கள், அழுகிறார்கள். அழட்டும். ஆனால் அந்த உருவங்களுக்கு வயதாகாது. இன்னும் 50 ஆண்டு கழித்தும் அதே இடுப்பு அதே அசைவில் அசையும். காத்திருந்து வாங்க வேண்டிய சரக்கு இல்லை அது.

அந்தக் கிழட்டுத் தொண்டைகள் பாடிய பத்துப் பாட்டுகள்தான் காத்திருந்தால் மட்டுமே கிடைக்கக்கூடியவை. சற்றே தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு 2023 நவம்பரில் வந்த பீட்டில்ஸின் 'நௌ அண்ட் தென்' பாட்டு உதாரணம். எழுபதுகளில் ஜான் லென்னன் வீட்டில் கேசட்டில் பாடிவைத்ததிலிருந்து கம்ப்யூட்டர் துணையுடன் குரலைப் பிரித்தெடுத்து முடித்தார்கள். லென்னன் இறந்தது 1980-ல், ஜார்ஜ் ஹாரிசன் 2001-ல். நால்வரில் இருவர் இல்லாத கச்சேரி. அபா நால்வரும் உயிரோடு, பேசும் உறவோடு, சொந்தக் குரலில் சொன்ன சொல்லை முடித்துவைத்தார்கள். மூன்று ஆண்டு தாமதத்தை ரசிகர்கள் மன்னித்தது அதனால்தான்.

இதுவே கடைசி ஆல்பம் என்று பென்னி 2021-லேயே சொல்லிவிட்டார். 1982-ல் யாரும் சொல்லாமல் விட்ட வாக்கியம் அது. சிலைடில் ஒருவழியாக 'வணக்கம்' போட்டாகிவிட்டது. 2024 மே 31-ல் ஸ்வீடன் மன்னர் நால்வருக்கும் விருது அளித்தபோது ஒன்றாக வந்து வாங்கிக்கொண்டார்கள். பாடவில்லை.

ஆனால் 1982-ல் கைவிட்ட அந்த ஆல்பத்துக்காகப் பதிவு செய்த பாட்டுகளில் 'ஜஸ்ட் லைக் தட்' என்று ஒன்று உண்டு. அதன் துண்டு ஒன்றும் 1994 பெட்டியில் இருந்தது. 2021 ஆல்பத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாரும் எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஆகவே ரசிகர்கள் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.